சென்னை வெள்ள அபாய மாடல்: விளக்கம் தப்பாக வரும்போது எங்கே தேடுவது

பலரும் பயன்படுத்தும் அமைப்பு ஒன்றை இங்கே எடுத்துக்கொள்கிறோம். சென்னை மாநகராட்சியின் 426 சதுர கிலோமீட்டரையும் 30 மீட்டர் கட்டங்களாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் உயரம், சரிவு, கால்வாயிலிருந்து தூரம், மழை, கட்டடப் பரப்பு போன்ற காரணிகளைக் கொடுத்து, "இங்கே தண்ணீர் நிற்குமா?" என்று எக்ஸ்ஜிபூஸ்ட் அல்லது ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற இயந்திரக் கற்றல் மாடலைக் கேட்கிறோம். பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் எந்தக் காரணி அபாயத்தை ஏற்றியது, எது இறக்கியது என்று ஷாப் (SHAP) என்ற விளக்க முறையில் பிரித்துப் பார்க்கிறோம்.

மாடல் எதை வைத்து முடிவெடுத்தது என்பதைத்தான் ஷாப் சொல்லும். மாடலே தப்பான பாடம் படித்திருந்தால், அந்தத் தப்பையும் அழகாக வண்ணம் பூசிக் காட்டும். ஆகவே விளக்கம் விநோதமாக இருந்தால் முதலில் லேபிளை, அதாவது பயிற்சிக்குக் கொடுத்த "வெள்ளம்", "வெள்ளம் இல்லை" என்ற விடைக் குறியைப் பாருங்கள். அடுத்து உயரத் தரவு, மழைத் தரவு, சோதனை முறை. விளக்கும் கருவியைச் சந்தேகிப்பது கடைசியில்தான். கீழே உள்ள வரிசையும் ஏறக்குறைய அதுவே. எந்தத் தெருவுக்கு மோட்டார் பம்ப் முதலில் போக வேண்டும் என்பதை இந்த வரைபடத்தை நம்பி ஒருவர் முடிவு செய்யப்போகிறார். அந்தப் பொறுப்பை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியையும் செய்யுங்கள்.

விமான நிலைய ஓடுதளம் எப்போதும் வெள்ளம், வேளச்சேரி காய்ந்த தரை

சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படத்திலிருந்து லேபிள் எடுப்பவர்களுக்கு இது தவறாமல் வரும். ரேடார் பக்கவாட்டில் சாய்ந்து பார்க்கிறது. அசையாத தண்ணீர் அலையை அப்பால் திருப்பிவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். வழவழப்பான ஓடுதளமும் அப்படித்தான் தெரியும். ஒரே படத்தை வைத்து, குறிப்பிட்ட டெசிபலுக்குக் கீழே இருப்பதெல்லாம் தண்ணீர் என்று வெட்டினால், மீனம்பாக்கம் ஓடுதளம் சித்திரை வெயிலிலும் வெள்ளமாகிவிடும். இதைப் பிடிப்பது கடினம். ஏனென்றால் 2015 டிசம்பரில் அந்த விமான நிலையம் உண்மையிலேயே மூழ்கியது. இரண்டாம் ஓடுதளம் அடையாற்றின் குறுக்கே பாலத்தின் மேல் போகிறது. லேபிள் சரியாகவும் அதற்கான காரணம் தப்பாகவும் இருப்பதால் கண்ணால் பார்த்துச் சரிபார்த்தால் ஏமாந்துவிடுவோம்.

மார்ச் அல்லது ஏப்ரல் மாதப் படம் ஒன்றை எடுத்து அதே வெட்டு அளவை ஓட்டிப் பாருங்கள். வெயில் காலத்திலும் தண்ணீர் என்று வருகிற இடங்கள் எல்லாம் போலி. இதைச் சரிசெய்ய:

1. வெள்ளத்துக்கு முந்தைய படத்தை அதே சுற்றுப்பாதை எண்ணிலும் அதே திசையிலும் எடுங்கள். ஏறுமுகப் பாதைப் படத்தையும் இறங்குமுகப் பாதைப் படத்தையும் கலந்தால் பார்வைக் கோணமே மாறிவிடும்.
2. புள்ளி இரைச்சலை நீக்கும் வடிகட்டியை (5×5 அல்லது 7×7) டெசிபலாக மாற்றுவதற்கு முன்பே போடுங்கள். மாற்றிய பிறகு சராசரி எடுத்தால் எண்கள் சாய்ந்துவிடும்.
3. பின் படத்திலிருந்து முன் படத்தைக் கழியுங்கள். விவி துருவமுனைப்பில் (செங்குத்தாக அனுப்பிச் செங்குத்தாகவே பெறும் அலை) 3 டெசிபல் அல்லது அதற்கு மேல் குறைந்த இடங்களைத் தொடக்க லேபிளாகக் கொள்ளலாம். இறுதி அளவை உங்கள் படத்தின் பரவலைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.
4. ஆண்டு முழுவதும் தண்ணீர் இருக்கும் இடங்களை ஜேஆர்சி நிறுவனத்தின் உலக மேற்பரப்பு நீர்த் தரவைக் கொண்டு நீக்குங்கள். இதை விட்டுவிட்டால் பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் ஏரிகளும் அதிக அபாயப் பகுதியாக வரும். "ஏரிக்கு அருகில்" என்ற காரணி ஷாப் பட்டியலில் காரணமில்லாமல் முதலிடம் பிடிக்கும்.

வேளச்சேரி காய்ந்து தெரிவதற்குக் காரணம் வேறு. நெருக்கமான வீடுகளுக்கு நடுவே தேங்கிய தண்ணீரில் படும் அலை சுவரில் மோதி நேராக ரேடாருக்கே திரும்பி வருகிறது. அதனால் வெள்ளம் நின்ற தெரு கறுப்பதற்குப் பதிலாகக் கூடுதலாக வெளுக்கும். குறுகிய சந்துகளில் தண்ணீர் ரேடாருக்குத் தெரியவே தெரியாது. இந்தக் கட்டங்களை "வெள்ளம் இல்லை" என்று எண்ணிப் பயிற்சி கொடுத்தால், கட்டட அடர்த்தி கூடக் கூட அபாயம் குறைகிறது என்று மாடல் கற்றுக்கொள்ளும். கட்டட அடர்த்திக்கு ஷாப் எதிர்க்குறி காட்டினால், பெரும்பாலும் இதுதான் பின்னணி.

கட்டடப் பரப்பு பாதிக்கு மேல் உள்ள கட்டங்களில் ரேடார் "இல்லை" என்று சொன்னால் "தெரியாது" என்று குறியுங்கள். பயிற்சியிலிருந்தும் சோதனையிலிருந்தும் அவற்றை எடுத்துவிடுங்கள். அந்தப் பகுதிகளுக்கு மாநகராட்சிப் புகார்ப் பதிவுகள், 2015இல் பொதுமக்கள் ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் குறித்த மூழ்கிய தெருக்கள், சுவரில் எஞ்சிய நீர்மட்டக் கறை ஆகியவற்றைக் கொண்டு லேபிளை நிரப்புங்கள். வசதி இருந்தால் வெள்ளத்துக்கு முன் எடுத்த இரண்டு படங்களுக்கு இடையிலான ஒத்திசைவையும் (ரேடார் அலை எவ்வளவு மாறாமல் இருக்கிறது என்ற அளவு), முன்-பின் படங்களுக்கு இடையிலான ஒத்திசைவையும் ஒப்பிடுங்கள். கட்டடப் பகுதியில் இரண்டாவது மட்டும் சட்டென்று விழுந்திருந்தால் அங்கே தண்ணீர் நின்றிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

புகார்ப் பதிவுக்கும் தனக்கென ஒரு சாய்வு உண்டு. வாய்ப்பும் பழக்கமும் உள்ளவர்கள் வாழும் தெருக்களிலிருந்துதான் புகார் நிறைய வரும். "சாலை அடர்த்தி" அல்லது "இரவு வெளிச்சம்" முதல் மூன்று காரணிகளுக்குள் வந்தால், தண்ணீர் நின்ற இடத்தை விட்டுவிட்டுப் புகார் வந்த இடத்தை மாடல் படித்திருக்கிறது என்று பொருள். கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் லேபிள் எண்ணிக்கை எவ்வளவு என்று தனியாக எண்ணிப் பாருங்கள். மிகக் குறைவாக இருந்தால் அங்கே வெள்ளம் வரவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நேரில் ஆள் அனுப்பி விசாரிக்க வேண்டும்.

உயரம் கூடினால் அபாயமும் கூடுகிறதாம்

ஷாப் சார்பு வரைபடத்தில் (காரணியின் மதிப்பு மாற மாற ஷாப் மதிப்பு எப்படி மாறுகிறது என்று காட்டுவது) உயரத்தின் கோடு கீழே இறங்காமல் மேலே ஏறினால், மாடலுக்கு நீங்கள் கொடுத்தது தரையின் உயரமா கூரையின் உயரமா என்று கேளுங்கள். எஸ்ஆர்டிஎம் என்ற உலக உயரத் தரவு 2000 பிப்ரவரியில் விண்கல ரேடார் எடுத்தது. கட்டடமும் மரமும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. உயரம் முழு மீட்டரில்தான் பதிவாகியிருக்கிறது. சென்னையோ கடல் மட்டத்திலிருந்து சில மீட்டரே உயர்ந்த தட்டை நிலம். 3 மீட்டரிலிருந்து 4 மீட்டருக்கு ஒரே தாவலாகப் படி ஏறுவதால் பெரும்பகுதியில் சரிவு பூஜ்யமாகவும், படியின் விளிம்பில் மட்டும் செங்குத்தாகவும் கணக்காகிறது. அந்த விளிம்புகள் ஷாப் வரைபடத்தில் கோடு கோடாகத் தெரியும்.

கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் உயரத் தரவு இதைவிட நல்லது. தசமத்தில் உயரம் தருகிறது. ஆனால் அதுவும் மேற்பரப்பு மாதிரிதான், கூரைகள் உள்ளே இருக்கும். அதிலிருந்து கட்டடத்தையும் மரத்தையும் கழித்து உருவாக்கியது ஃபேப்டெம். ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாம், வணிக வேலைக்குத் தனி உரிமம் வேண்டும். எதை எடுத்தாலும், அண்ணா சாலையிலிருந்து கடற்கரை வரை ஒரு குறுக்குவெட்டு வரைந்து பாருங்கள். மேம்பாலமும் அடுக்குமாடியும் மலைபோல் எழுந்து நின்றால் அந்தத் தரவை அப்படியே மாடலுக்குக் கொடுக்கக் கூடாது.

முழு உயரத்துக்குப் பதிலாக ஒப்பு உயரம் கொடுப்பது எங்கள் அனுபவத்தில் பலன் தரும் மாற்றம். ஒரு கட்டத்தின் உயரத்திலிருந்து அதைச் சுற்றி 500 மீட்டர் ஆரத்தின் சராசரி உயரத்தைக் கழித்தால் அந்த இடம் பள்ளமா மேடா என்று தெரிந்துவிடும். தண்ணீருக்கு முக்கியம் அதுதான். சென்னையில் மேற்கே போகப் போக நிலம் உயர்கிறது. அதனால் முழு உயரம் என்பது "கடலிலிருந்து தூரம்" என்பதன் இன்னொரு பெயராகிவிடுகிறது.

"அருகிலுள்ள நீரோட்டத்திலிருந்து உயரம்" என்ற காரணியைக் கணக்கிடுவதற்கு முன் பக்கிங்காம் கால்வாய், ஒட்டேரி நல்லா, விருகம்பாக்கம் கால்வாய் போன்றவற்றை உயரத் தரவில் 2 மீட்டர் ஆழத்துக்குச் செதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மென்பொருள் தானாக வரையும் ஓடை, வீடுகளின் நடுவே புகுந்து போகும். செதுக்கிய தரவை நீரோட்டத் திசையைக் காண மட்டுமே பயன்படுத்துங்கள். அதையே உயரக் காரணியாகக் கொடுத்தால் கால்வாய் ஓரத்துக் கட்டங்களுக்கெல்லாம் செயற்கையான பள்ளம் வந்துவிடும்.

டிஜிபிஎஸ் (துல்லியமான ஜிபிஎஸ்) அளவீட்டோடு ஒப்பிடும்போது எல்லாப் புள்ளியும் எண்பது மீட்டருக்கும் மேல் கீழே போனால் பதறாதீர்கள். சென்னை இருக்கும் பகுதியில் ஜியாய்டு மேற்பரப்பு (கடல் மட்டத்தை ஒட்டிய மேற்பரப்பு), ஜிபிஎஸ் உயரத்துக்கு அடிப்படையான நீள்வட்டத்தைவிட அவ்வளவு தாழ்ந்து கிடக்கிறது. நீள்வட்ட உயரத்தை ஜியாய்டு உயரமாக மாற்ற வேண்டும். எஸ்ஆர்டிஎம் பயன்படுத்துவது ஈஜிஎம்96 என்ற ஜியாய்டு மாதிரி, கோப்பர்நிக்கஸ் பயன்படுத்துவது ஈஜிஎம்2008. இரண்டையும் கலக்காதீர்கள்.

எக்ஸ்ஜிபூஸ்டில் ஒரே திசைக் கட்டுப்பாடு போட்டு, ஒப்பு உயரம் கூடினால் அபாயம் குறைய வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியும். நல்ல கருவிதான். ஆனால் தரவைத் திருத்திய பிறகு போடுங்கள். முன்பே போட்டால் வரைபடம் ஒழுங்காகத் தெரியும், தப்பு உள்ளேயே இருக்கும்.

ஒவ்வொரு மழைக்கும் நிரம்பும் சுரங்கப்பாதை, பாதுகாப்பான இடம் என்று வருகிறது

தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதை போன்ற இடம் 30 மீட்டர் கட்டத்தில் தெரியாது. மேலே போகும் ரயில் பாதையின் மேட்டைத்தான் செயற்கைக்கோள் பார்க்கிறது. அந்தக் கட்டத்தின் ஷாப்பைப் பிரித்தால் ஒப்பு உயரம் அபாயத்தைக் கீழே தள்ளுவது தெரியும். மாடலை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. சுரங்கப்பாதைகளின் பட்டியலைத் தனியே எடுத்து, தரைமட்ட அளவை நேரில் எடுத்துக் கையால் பதியுங்கள். அல்லது அந்தக் கட்டங்களை மாடலிலிருந்து விலக்கி, இத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தால் மூடு என்ற நேரடி விதியில் வையுங்கள். இரண்டாவது வழியே மேல்.

மழைக்கு ஷாப் மதிப்பே இல்லை, அல்லது சதுரம் சதுரமாக வருகிறது

வெள்ள மாடலில் மழை கடைசி இடத்தில் இருப்பதைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை போய்விடும். பெரும்பாலும் கீழே உள்ள மூன்றில் ஒன்றுதான் காரணம்.

ஒரே ஒரு வெள்ள நிகழ்வை வைத்துப் பயிற்சி கொடுத்திருந்தால் எல்லாக் கட்டத்துக்கும் மழை ஏறத்தாழ ஒன்றே. மாறாத காரணிக்கு எந்தப் பங்கையும் மாடலால் கொடுக்க முடியாது. பல நிகழ்வுகளைச் சேருங்கள். மழை பெய்தும் தண்ணீர் நிற்காத நாட்களையும் சேருங்கள்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கட்ட மழைத் தரவு 0.25 பாகை அளவிலானது. சென்னையின் அட்சரேகையில் ஒரு கட்டம் ஏறத்தாழ 27 கிலோமீட்டர் பக்கம் கொண்டது. அதற்குள் உங்களுடைய 30 மீட்டர் கட்டங்கள் எட்டு லட்சத்துக்கும் மேல் அடங்கும். அந்தக் கட்டத்தின் மழை எண் வெறும் முகவரி எண்ணாக மாறி, வேறு காரணங்களை எல்லாம் மாடல் அதன் தலையில் ஏற்றிவிடும். ஷாப் வரைபடத்தில் நேர்க்கோட்டு எல்லையோடு பெரிய சதுரங்கள் தெரிந்தால் இதுதான். தானியங்கி மழைமானிகளின் மணிவாரி அளவை இடைக்கணித்துப் பயன்படுத்துங்கள். கிடைக்காவிட்டால் 0.1 பாகை ஐமெர்க் செயற்கைக்கோள் மழைத் தரவு ஓரளவுக்கு உதவும். அதில் அரை மணிக்கு ஒரு படம், அலகு ஒரு மணிக்கு இத்தனை மில்லிமீட்டர். ஒரு நாள் கூட்டுத்தொகைக்கு 48 படங்களையும் கூட்டி 0.5 ஆல் பெருக்க வேண்டும். பெருக்க மறந்தால் மழை இரண்டு மடங்காகும்.

மூன்றாவது, தேதி. வானிலை மையத்தின் மழை நாள் காலை 8.30க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30க்கு முடிகிறது. தாம்பரத்தில் பதிவான 49 செ.மீ., 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்து மழை. அதில் பெரும்பகுதி டிசம்பர் 1ஆம் தேதி கொட்டியது. கோப்பில் டிசம்பர் 2 என்று இருப்பதை அப்படியே அந்த நாளின் மழையாக எடுத்தால், வெள்ளம் முதலில் வந்து மழை பிறகு பெய்ததாக மாடலுக்குத் தோன்றும். ஐமெர்க் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். காலை 8.30 என்பது அங்கே 03.00. இரண்டு தரவையும் அந்த எல்லையில் வெட்டுங்கள்.

நாள் மழையை மட்டும் கொடுக்காதீர்கள். அதிகபட்ச 1 மணி, 3 மணி மழையும், முந்தைய 5 நாள், 15 நாள் கூட்டுத்தொகையும் தனித்தனிக் காரணிகளாக வேண்டும். தெரு வடிகாலைத் திணறடிப்பது ஒரு மணி நேர மழை. ஏரிகளை நிரப்பி வைப்பது பதினைந்து நாள் மழை. 2015 நவம்பர் மழையே ஏரிகளை நிரப்பியிருந்தது என்பதை இந்தக் காரணி இல்லாமல் மாடல் அறியாது.

ஏயூசி (மாடலின் மதிப்பெண், 1 என்றால் முழுமை) 0.97, ஆனால் அடுத்த மழையில் ஒன்றும் பொருந்தவில்லை

பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றைச் சீட்டுக் குலுக்குவது போலக் கலைத்து 70 சதவீதம் பயிற்சிக்கும் 30 சதவீதம் சோதனைக்கும் எடுத்தால், சோதனைக் கட்டத்தின் நாலாபக்கமும் பயிற்சிக் கட்டங்கள் உட்கார்ந்திருக்கும். மாடல் விடையை மனப்பாடம் செய்தாலே போதும். அந்த 0.97ஐ நம்பி ஷாப் வரைந்தால், மனப்பாடம் செய்ததற்குத்தான் விளக்கம் கிடைக்கும். அட்சரேகை, தீர்க்கரேகை, கடலிலிருந்து தூரம் ஆகியவை மேலே வருவது இதன் கூடப் பிறந்த அறிகுறி.

நகரத்தை 2 கிலோமீட்டர் பக்கமுள்ள தொகுதிகளாகப் பிரியுங்கள். ஒரு தொகுதியின் கட்டங்கள் எல்லாம் ஒரே பக்கம் போக வேண்டும். சைக்கிட்-லெர்ன் நூலகத்தின் குரூப்கேஃபோல்ட் இதைச் செய்யும். எஞ்சிய பிழையின் வேரியோகிராம் (தூரம் கூடக் கூட ஒற்றுமை எப்படிக் குறைகிறது என்ற வரைபடம்) வரைந்து, அதன் வீச்சு 3 கிலோமீட்டர் என்று வந்தால் தொகுதியையும் அதற்குக் குறையாமல் பெரிதாக்குங்கள். அடையாறு, கூவம், கொசஸ்தலையாறு, கோவளம் ஆகிய நான்கு வடிநிலங்களையே நான்கு பாகமாக வைத்துச் சோதிப்பது இன்னும் கடுமையானது. மாநகராட்சியின் வடிகால் திட்டங்களும் இந்த வடிநிலங்களை வைத்தே போடப்படுவதால் முடிவைப் பேசுவதும் எளிது. மதிப்பெண் விழும். விழுந்த பின் நிற்பதுதான் மாடலின் உண்மையான தரம்.

"வெள்ளம் இல்லை" புள்ளிகளை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதையும் பாருங்கள். பரங்கிமலை உச்சியிலிருந்து எடுத்தால் எந்த மாடலும் சரியாகச் சொல்லும். மூழ்கிய தெருவுக்கு 300 மீட்டருக்குள், மூழ்காத தெருவிலிருந்து எடுத்த புள்ளிகள்தான் மாடலைச் சோதிக்கும்.

2015ஐ வைத்துப் பழக்கியது 2023இல் தோற்கிறது

வெள்ளம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் நடந்தது வேறு வேறு. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 29,000 கன அடி, அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 821 கன மீட்டர் நீர் திறக்கப்பட்டது. ஏரிக்குக் கீழே பெய்த மழையும், மற்ற ஏரிகளின் உபரி நீரும் அதோடு சேர்ந்து அடையாறு கரை புரண்டது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கரைக்கு அருகே மெதுவாக நகர்ந்தபடி விடாமல் மழை கொட்டியது. பள்ளிக்கரணையைச் சுற்றிய தென் சென்னையில் தண்ணீர் வடிய வழியில்லாமல் நின்றது. அந்தச் சதுப்பு நிலத்து நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, கோவளம் முகத்துவாரத்தில்தான் கடலுக்குப் போக வேண்டும். கடல் ஏறியிருந்தால் அந்த நீண்ட வழி முழுவதும் திணறும்.

2015ஐ மட்டும் படித்த மாடல் "அடையாற்றிலிருந்து தூரம்" என்பதையே பெரிய காரணியாகக் காட்டும். ஒவ்வொரு நிகழ்வையும் ஒருமுறை வெளியே வைத்து, மற்றவற்றில் பயிற்சி கொடுத்துச் சோதியுங்கள். ஒவ்வொரு முறையும் முதல் ஐந்து காரணிகள் மாறினால் இரண்டு தனி மாடல்கள் தேவை: ஆறு பெருகும் வெள்ளத்துக்கு ஒன்று, மழைநீர் தேங்குவதற்கு ஒன்று. ஏரி திறப்பு அளவை முதல் மாடலில் ஏரிக்குக் கீழுள்ள கரையோரக் கட்டங்களுக்கு மட்டும் கொடுங்கள். முகத்துவாரத்தின் மணிவாரி அலை மட்டத்தை இரண்டு மாடலிலும் சேருங்கள். சென்னையில் ஓதத்தின் வீச்சு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் என்றாலும், இவ்வளவு தட்டையான நிலத்தில் அது கால்வாயின் பாய்ச்சலையே மாற்றிவிடும்.

ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் முதலிடம் மாறுகிறது

உயரம், நீரோட்டத்திலிருந்து உயரம், ஈரக் குறியீடு, ஆற்றிலிருந்து தூரம் நான்கும் ஒரே செய்தியைச் சொல்பவை. விதை எண் (தற்செயல் தேர்வைத் தொடங்கும் எண்) மாறினால் மாடல் இன்று ஒன்றைப் பிடிக்கும், நாளை இன்னொன்றை. காரணிகளை ஸ்பியர்மன் ஒட்டுறவை வைத்துக் குழுவாக்கி, ஒரு கட்டத்தில் ஒரு குழுவின் ஷாப் மதிப்புகளைக் குறியோடு கூட்டுங்கள். அதன் பிறகே தனி மதிப்பு (குறியை விட்ட அளவு) எடுத்து நகரம் முழுவதற்கும் சராசரி காணுங்கள். வரிசையை மாற்றிச் செய்தால், ஒன்றையொன்று அடித்துக்கொண்ட எண்கள் பெரிய பங்களிப்பாகத் தோன்றும். பத்து விதை எண்களில் ஓட்டி, எல்லாவற்றிலும் நிலைத்து நிற்கும் குழுவை மட்டும் அறிக்கையில் எழுதுங்கள். பகுதிச் சார்பு வரைபடத்துக்குப் பதில் ஏஎல்இ (அருகிலுள்ள மதிப்புகளுக்குள் மட்டும் விளைவைக் கூட்டிப் பார்க்கும்) வரைபடம் போடுங்கள். முன்னது "ஆற்றின் நடுவே 30 மீட்டர் உயர மேடு" போன்ற நடக்காத சேர்க்கைகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

ஷாப் எண்களைக் கூட்டினால் நிகழ்தகவு வரவில்லை

இது பிழை இல்லை, அலகு வேறு. எக்ஸ்ஜிபூஸ்ட் வகைப்படுத்தலில் ஷாப் நூலகத்தின் ட்ரீஎக்ஸ்ப்ளெய்னர் வழக்கமாகத் தருவது லாக்-ஆட்ஸ் மதிப்பு, அதாவது நடக்கும் வாய்ப்பை நடக்காத வாய்ப்பால் வகுத்து எடுத்த மடக்கை. அடிப்படை மதிப்பு −2.2 என்றால் நிகழ்தகவு 0.10. எல்லாக் காரணிகளும் சேர்ந்து +1.7 தந்தால் மொத்தம் −0.5, நிகழ்தகவு 0.38. ஒரே +1 பங்களிப்பு, −2.2இலிருந்து ஏற்றும்போது 0.10ஐ 0.23 ஆக்கும், பூஜ்யத்திலிருந்து ஏற்றும்போது 0.50ஐ 0.73 ஆக்கும். "மழை 1 கூட்டியது" என்பதை 100 சதவீதம் கூட்டியதாக அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். நிகழ்தகவு அலகிலேயே வேண்டுமென்றால் சில நூறு கட்டங்களைப் பின்னணித் தரவாகக் கொடுத்து, இடையீட்டு முறையில் கணக்கிட வேண்டும். அந்தக் கட்டங்களை எல்லா வடிநிலத்திலிருந்தும் விகிதப்படி எடுங்கள். பின்னணி மாறினால் அடிப்படை மதிப்பும் விளக்கமும் மாறும்.

பாதி நகரம் சிவப்பாக இருக்கிறது

மூழ்கிய புள்ளியும் மூழ்காத புள்ளியும் சமமாக எடுத்துப் பழக்கினால் நகரத்தில் பாதி மூழ்கும் என்றே மாடல் நம்பும். உண்மையில் 4 சதவீதக் கட்டங்களே மூழ்கியவை என்று வைத்துக்கொள்வோம். மாடலின் லாக்-ஆட்ஸிலிருந்து 3.18ஐக் கழிக்க வேண்டும், 0.96ஐ 0.04ஆல் வகுத்து எடுத்த இயல் மடக்கை அது. மாடல் 0.80 என்றால் லாக்-ஆட்ஸ் 1.39. கழித்தால் −1.79, நிகழ்தகவு 0.14. எண்பது எங்கே, பதினான்கு எங்கே! கழிக்கும்போது மாறுவது அடிப்படை மதிப்பு மட்டும்தான். காரணிகளின் ஷாப் பங்களிப்பு அப்படியே இருக்கும்; மறுபடி கணக்கிட வேண்டாம்.

ஒரே இடத்தில் மதிப்பு எகிறுகிறது, அல்லது கணக்கு முடியவே இல்லை

எகிறினால் காலிக் கட்டங்களின் −9999 உண்மை எண்ணாக உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். கோடு கோடாக வந்தால் எல்லா அடுக்கையும் யூடிஎம் 44 வடக்கு மண்டலத்துக்கு மாற்றி, ஒரே தொடக்கப் புள்ளியில் பொருத்துங்கள். நிலப்பயன்பாட்டு அடுக்கை அருகிலுள்ள கட்டத்தின் மதிப்பால் மட்டுமே மறுஅளவு செய்ய வேண்டும். கணக்கு முடியாவிட்டால் மெதுவான கெர்னல்எக்ஸ்ப்ளெய்னரை விட்டு ட்ரீஎக்ஸ்ப்ளெய்னருக்கு வாருங்கள். 10 மீட்டரில் மாநகராட்சி எல்லைக்குள் 42.6 லட்சம் கட்டங்கள், 30 மீட்டரில் 4.73 லட்சம். வரைபடத்துக்கு இரண்டாவது போதும்; காரணிகளின் வரிசையைப் பார்க்க அதிலும் ஐம்பதாயிரம் போதும்.

வடிகாலுக்கு அருகே அபாயம் அதிகம் என்கிறது. வார்டு பொறியாளர் ஏற்கவில்லை

அவர் ஏற்காதது நியாயமே. தண்ணீர் நிற்கும் தெருவில்தான் மழைநீர் வடிகால் முதலில் கட்டுகிறார்கள். அதனால் தரவில் வடிகாலும் வெள்ளமும் சேர்ந்தே இருக்கும். சேர்ந்து இருப்பதைத்தான் ஷாப் காட்டுகிறது. வடிகால் கட்டினால் வெள்ளம் வரும் என்றோ, எடுத்துவிட்டால் வடியும் என்றோ அதிலிருந்து முடிவுக்கு வர முடியாது. "இங்கே வடிகாலை அகலப்படுத்தினால் எவ்வளவு குறையும்?" என்ற கேள்வியை இந்த மாடலிடம் கேட்கவே கூடாது. அதற்கு எஸ்டபிள்யூஎம்எம் போன்ற நீரியக்கக் கணக்கு வேண்டும்.

"வடிகாலிலிருந்து தூரம்" என்ற காரணியை எடுத்துவிட்டு, வடிகாலின் அகலம், ஆழம், அடிமட்ட உயரம், கடைசியாகத் தூர் வாரிய தேதி, எந்தக் கால்வாயில் எந்த மட்டத்தில் போய் விழுகிறது ஆகியவற்றைக் கொடுங்கள். விழும் இடத்தின் நீர்மட்டம் வடிகாலின் அடிமட்டத்தைவிட உயர்ந்தால் தண்ணீர் பின்னோக்கி வரும். அந்த இரண்டு எண்களின் வித்தியாசம் ஒன்றே, தூரத்தைவிடப் பல மடங்கு பயனுள்ள காரணி.

பொறியாளரிடம் புள்ளிகள் சிதறிய ஷாப் வரைபடத்தை நீட்டாதீர்கள். ஒரு தெருவுக்கு மூன்று வரி போதும்: சுற்றுப்புறத்தைவிட இந்தத் தெரு எத்தனை செ.மீ. பள்ளம், மூன்று மணி நேர மழை எவ்வளவு, வடிகால் விழும் இடத்தில் நீர்மட்டம் எவ்வளவு. ஒவ்வொன்றும் அபாயத்தை ஏற்றியதா இறக்கியதா என்று பக்கத்தில் குறியுங்கள். அதே தாளில் கீழே அவர் நிரப்ப நான்கு கட்டங்கள் விடுங்கள்: தண்ணீர் நின்றதா, முழங்கால் அளவா இடுப்பளவா, எத்தனை மணிக்கு ஏறியது, எத்தனை மணிக்கு வடிந்தது. நிரம்பி வரும் தாள்களை வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஜனவரியில் லேபிளில் சேர்த்து, மாடலை மறுபடி பழக்குங்கள்.